குத்தகை மனுவில் போட்ட பேர்

முதலமைச்சர் காலமானதும், மலேசியாவில் கலவரம் வந்ததும், மனுஷன் நிலாவில் இறங்கியதும் ஒரே வருஷம். எனக்கு அது குத்தகை விசாரணை நடந்த வருஷம்.

வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். பண்ணையார் நிலத்தில் ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர், எங்களுக்குக் குத்தகை. வீட்டுக்காரர் மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் மரம் கீறிப் பால் எடுத்தார். இங்கே நாற்று விடுவது, மடை கட்டுவது, நடவுக்கு ஆள் கூப்பிடுவது எல்லாம் நான்தான்.

1. மனு

குத்தகைக்காரர் பேரைப் பதியச் சட்டம் வந்தது. பதிந்துவிட்டால் பண்ணை நினைத்தபடி நம்மை வெளியேற்ற முடியாது. நான் ஐந்தாவது படித்தவள், மனுவை நானே எழுதினேன். பேர் போடும் இடத்தில் மட்டும் வீட்டுக்காரர் பேரைப் போட்டேன். பொம்பளை பேரில் குத்தகை இருந்து நான் பார்த்ததில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

2. விசாரணை

சம்பா நடவு முடிந்ததும் கூப்பிட்டார்கள். பண்ணைக் காரியக்காரர் தாசில்தாருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம் நின்றேன்.

"ஆளு கப்பலேறி மூணு வருஷமாச்சுங்க. அங்கேருந்தா ஏர் ஓட்டுறான்?" என்றார் காரியக்காரர்.

மனுதாரர் எனக்கு என்ன வேணும் என்று தாசில்தார் கேட்டார். வீட்டுக்காரர் என்றேன். பேரைச் சொல்லச் சொன்னார். எங்கள் பக்கம் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டோம்.

"புருஷன் பேரே வரலை. இவளா பயிர் வெக்கிறா?" என்று காரியக்காரர் சிரித்தார்.

மடியில் வீட்டுக்காரர் கடிதம் இருந்தது. நீட்டினேன். "பேரு பின்னால எழுதியிருக்குங்க."

தாசில்தார் பேரைப் பார்த்தார். பிறகு பிரித்தும் படித்தார். கலவரத்துக்குப் பிறகு ஊரடங்கு போட்டது, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேணும் என்றது எல்லாம் அதில் இருந்தது. ஒரு வரியை மட்டும் உரக்கப் படித்தார்: "நீ விட்ட குறுவை நாற்று தேறியதா? வடக்கு மடையில் பண்ணை ஆள் தண்ணீரை மறித்தால் ஒண்டியாகச் சண்டைக்குப் போகாதே."

"மடை கட்டுறது யாரும்மா?"

"நான்தாங்க."

"நடவுக்கு ஆள் விடுறது?"

"நான்தாங்க."

"அப்புறம் மனு ஏன் அவர் பேர்ல?"

தாசில்தார் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "உன் பேர்ல எழுதிக் குடு. நான் நிலத்துல வந்து விசாரிக்கிறேன்."

சொன்னபடி வந்தார். என்னோடு நடவு நட்ட பெண்கள் வரப்பில் நின்று சாட்சி சொன்னார்கள். என் பேரில் பதிவாயிற்று.

3. மார்கழி

வீட்டுக்காரருக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. மார்கழியில் ஒரு தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்தார். குத்தகை என் பேரில் இருப்பதைச் சொல்ல எனக்குப் பயம்.

நாலாம் நாள் கர்ணம் பயிர்க்கணக்கு எழுத வயலுக்கு வந்தார். வீட்டுக்காரரைப் பார்த்ததும், "ஆம்பளைதான் வந்தாச்சே, சாகுபடி யார் பேருக்கு எழுத?" என்று கேட்டார்.

அவர் களை பறித்தபடியே நிமிராமல் சொன்னார்: "அஞ்சலை சாகுபடிங்க. நான் கூலிக்கு வந்திருக்கேன்."

நடவுப் பெண்கள் அவரிடம் முன்னமே சொல்லியிருக்கிறார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் என் பேரைச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

பயிர் வைக்கிற பெண்களே, மனு எழுதினால் உங்கள் பேரைப் போடுங்கள். அவர் பேரைச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. ஆபீசில் என் பேரைக் கேட்டால் சொல்லிவிடுகிறேன்.