மைக்கில் ஒன்று, காதில் ஒன்று

போன செவ்வாய்க்கிழமை காலையில் பேட்ரிக் போன் செய்தார். எங்கள் மாதா கோயிலின் பங்குப் பேரவையில் அவர்தான் எல்லாவற்றுக்கும் ஓடுகிறவர்.

“மேடம், இந்த வருஷம் குடும்ப விழாவுக்கு நீங்கதான் சீஃப் கெஸ்ட்.”

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பத்தி எழுதுகிறவளை ஊரில் யார் சீண்டுகிறார்கள்? “இன்னா பண்ணணும்?” என்று கேட்டேன்.

“பெருசா ஒண்ணும் இல்ல. நாலு புள்ளைங்க, அதுக்கு மேல பெத்த குடும்பங்களுக்குப் பொன்னாடை போத்துறோம். ஃபாதரோட ஐடியா. நீங்க போத்திட்டு ரெண்டு வார்த்தை பேசணும். அவ்ளோதான்.”

“போர்த்தமாட்டேன்.”



“இன்னாம்மா, பட்டுனு சொல்லிட்டீங்க?” மேடமாக இருந்த நான் அம்மாவாகிவிட்டேன். “குழந்தைங்க கடவுள் குடுத்த வரம் இல்லியா?”

வரம்தான், பேட்ரிக். யார் இல்லை என்றது? நாலு பெற்று நன்றாக வளர்க்கிறவர்களை எனக்கும் பிடிக்கும். அவர்கள் வீட்டுக் கலகலப்பு பிடிக்கும். ஆனால் அவர்களை மேடையில் ஏற்றிக் கௌரவிக்கும்போது, கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று யோசித்தீர்களா?

அந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். என் சித்தி மகள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவள் பெயரையும் அவள் வீட்டுக்காரர் பெயரையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஜெசிந்தா. செலியமேட்டில் வீடு. மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து பேக்கிங் வேலை. ஷிஃப்ட். கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இறக்கிவிடும். இறங்கியதும் பிள்ளைகளுக்குச் சோறாக்க வேண்டும்.

அவள் வீட்டுக்காரர் சகாயம் பாகூரில் மோட்டார் காயில் கட்டுகிறவர். குடி கிடையாது. கை நீட்டியது கிடையாது. சம்பாதிப்பதை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிறவர். அவர்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்தின் தலைவர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிப்பார். அவர் குடிகாரராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். திட்டிவிட்டு இந்தப் பத்தியை முடித்திருப்பேன். அவர் நல்லவர். அதுதான் பிரச்சினையே.

ஜெசிந்தாவுக்கு முதல் பிரசவம் சிசேரியன். இரண்டாவதும் சிசேரியன். இரண்டாவதில் பிரஷர் எகிறி, வலிப்பு வந்து, பிழைத்ததே பெரிய காரியம். டிஸ்சார்ஜ் அன்று டாக்டரம்மா சகாயத்தைக் கூப்பிட்டு, “இதோட போதும். அடுத்தது வந்தா தாங்கமாட்டாங்க. ஒண்ணு அவங்க குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கட்டும், இல்லன்னா நீங்க பண்ணிக்குங்க. உங்களுக்குன்னா ரொம்ப சின்ன ஆபரேஷன்” என்று சொன்னார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

சகாயம் தலையாட்டினார். நேராக ஃபாதரிடம் போனார்.

ஃபாதர் திருச்சபையின் போதனையைச் சொன்னார். ஆபரேஷன், மாத்திரை, காப்பர் டி, உறை எதுவும் கூடாது. பிள்ளை வேண்டாம் என்றால் இயற்கை முறை. கருத்தரிக்காத நாட்களைக் கண்டுபிடித்து அந்த நாட்களில் மட்டும் சேர வேண்டும். அதற்கு வகுப்பு நடக்கிறது, தம்பதியாக வாருங்கள்.

போனார்கள். டவுனிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்து படம் போட்டு விளக்கினார்கள். தினமும் காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னால், தெர்மாமீட்டர் வைத்து உடம்புச் சூட்டைப் பார்க்க வேண்டுமாம். நன்றாகத் தூங்கி எழுந்திருக்க வேண்டுமாம். தினமும் அதே நேரமாக இருக்க வேண்டுமாம்.

ஜெசிந்தா கையைத் தூக்கிக் கேட்டிருக்கிறாள். “நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு விடிஞ்சப்புறம்தாங்க வூட்டுக்கே வருவேன். நான் எதைக் காலையில வெச்சிக்கிறது?”

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்களாம். அடுத்த படத்தைப் போட்டுவிட்டார்களாம்.

இந்தக் கேள்விக்கு ரோமாபுரியில் பதில் இருக்கிறதா? ஷிஃப்ட் வாராவாரம் மாறுகிறது. தூக்கம் மாறுகிறது. மாதவிலக்கு முன்னே பின்னே போகிறது. கைக்குழந்தை நடுவில் எழுப்புகிறது. இப்படி ஒரு உடம்பை வைத்துக்கொண்டு தப்பில்லாமல் நாள் பார் என்றால்… பார்த்தாள், பாவம். தன்னால் முடிந்த அளவுக்குப் பார்த்தாள்.

மூன்றாவது கரு தங்கிவிட்டது.

கலைக்கவா? அந்தப் பேச்சே எழவில்லை. அவளுக்கும் அதில் மனசில்லை. “வந்துடுச்சிக்கா. மாதா பாத்துப்பாங்க” என்றாள். மாதா பார்த்துக்கொண்டார். கூடவே பிரஷரும் ஏறிக்கொண்டே இருந்தது.

ஏழாம் மாதம். பகல் ஷிஃப்டில் தலைவலி என்று சொல்லியிருக்கிறாள். சீக்கிரமாகக் கிளம்பி வெளியே வந்தவள் மதகடிப்பட்டு ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே விழுந்துவிட்டாள். வலிப்பு. கூட இருந்த பெண்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். அன்றைக்கு ஒரு வேலையாக வில்லியனூரில் இருந்த எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது தியேட்டருக்குள் கொண்டுபோக ஸ்ட்ரெச்சரில் தயாராக வைத்திருந்தார்கள். கண் மேலே செருகிக் கிடந்தாள். நாக்கைக் கடித்து வாயோரம் ரத்தம்.

சகாயம் அழுதுகொண்டு நின்றார்.

டாக்டர் வெளியே வந்தார். வேறு டாக்டர், இளம் வயது. அவசரத்தில் பேசினார். “குழந்தைய உடனே எடுத்தாகணும். அதோட குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடலாமா? இன்னொரு தடவை வயித்தைத் திறக்குற வேலை இருக்காது. அவங்களைக் கேக்கலாம்னா நினைவு இல்ல. நீங்க இன்னா சொல்றீங்க?”

சகாயம் சொன்னார்: “ஒரு நிமிஷம் டாக்டர்… ஒரே ஒரு போன் பண்ணிக்கிறேன்.”

அவருடைய அம்மாவுக்குத்தான் பண்ணப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை. ஃபாதருக்கு.

அந்த வராந்தாவில், மனைவி ஸ்ட்ரெச்சரில் துடித்துக்கொண்டிருக்க, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார் ஒரு மனிதர். மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் சொன்னது கேட்டது. “சரிங்க ஃபாதர்… சரிங்க ஃபாதர்… ஜெபம் பண்றேங்க ஃபாதர்.”

திரும்பி வந்தார். “அது வேணாம் டாக்டர். குழந்தைய மட்டும் எடுங்க.”

“யோவ் சகாயம், அவ செத்துருவாய்யா!” கத்திவிட்டேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

“அக்கா, பாவமா போயிடும்க்கா” என்றார். அதில் நடிப்பு இல்லை. மனைவியை உயிராக நேசிக்கிற ஒருவர், அவள் உயிரைக் காப்பாற்றும் காரியத்தைப் பாவம் என்று பயந்து நிற்கிறார். யார் இந்தப் பயத்தை அவருக்குள் வைத்தது?

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு நின்று விவாதிக்க நேரமில்லை.

குழந்தை பிழைத்தது. பெண். உள்ளங்கை அளவுதான் இருந்தது, இன்குபேட்டரில் வைத்தார்கள். ஜெசிந்தாவும் பிழைத்தாள். மறுநாள் மத்தியானம் கண் விழித்தாள். ஜன்னல் வழியாக வெயில் கட்டில் மேலேயே அடித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, இன்னாக்கா இருட்டா கீது… லைட்டு போடேன்” என்றாள்.

பிரஷர் ஏறியதில் பார்வை போயிருக்கிறது. திரும்பி வரும், பெரும்பாலும் வந்துவிடும் என்றார் டாக்டர். அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் கையால் துழாவித் துழாவி, “பாப்பா எப்படிக்கா கீது? யாரு மாதிரிக்கா கீது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சகாயம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பார்வை வந்துவிட்டது. முதலில் வெளிச்சம், பிறகு நிழல் நிழலாக ஆட்கள், பிறகு முழுசாக. கடவுளுக்கு நன்றி. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நானும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான், ஜெபமாலை சொல்கிறவள்தான். அதனால்தான் இவ்வளவு கோபம்.

வீட்டுக்கு வந்த பிறகு சகாயம் ஒரு முடிவு எடுத்தார். ஆபரேஷன் பாவம். நாள் பார்ப்பது ஆபத்து. அதனால் எதுவுமே வேண்டாம். பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். மழை பெய்தால் கூடத்தில் படுப்பார். அவளுடைய கையைத் தொடக்கூடப் பயந்தார்.

“அவரு எங்கூட சிரிச்சிப் பேசியே ரொம்ப நாளாவுதுக்கா” என்றாள் ஜெசிந்தா. “சிரிச்சா பக்கத்துல வந்துடுவோம்னு பயப்படுறாரு போல.”

அன்றைக்குத்தான் நான் ஃபாதரைப் பார்க்கப் போனேன். சண்டை போடுகிற முடிவோடுதான் போனேன்.

எங்கள் பங்கில் முன்வரிசையில் உட்காருகிற குடும்பங்களை நீங்கள் பார்க்க வேண்டும். வாத்தியார்கள், பேங்க் ஆபீசர்கள், அரசாங்க உத்தியோகக்காரர்கள். எல்லோருக்கும் அளவாக இரண்டு பிள்ளைகள். சிலருக்கு ஒன்று. அத்தனை பேரும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்களா? இல்லை, தூய ஆவியானவர் முன்வரிசைக்கு மட்டும் தனியாக உதவுகிறாரா? அவர்கள் யாரும் போய் அனுமதி கேட்கவில்லை. யாரும் அவர்களை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஃபாதரிடம் இதைத்தான் முதலில் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அதெல்லாம் அவங்கவங்க மனசாட்சிம்மா. சூழ்நிலைன்னு ஒண்ணு இருக்கு. பாவத்தைச் சொல்ல வர்றப்ப, பாவசங்கீர்த்தனத்துல, நானா இத கேக்கவும் மாட்டேன். உயிருக்கு ஆபத்துன்னு இருக்கிறவங்க யோசிச்சு, ஜெபம் பண்ணி, ஒரு முடிவு எடுத்தா… நான் அவங்களைத் தீர்ப்பிட மாட்டேன்.”



“இத ஏன் ஃபாதர் சகாயத்துகிட்ட சொல்லல?”

“அவர் என்னை அப்படிக் கேக்கலியே. பாவமா இல்லியான்னு கேட்டார். திருச்சபை என்ன சொல்லுதோ, அதைச் சொன்னேன்.”

“அவ ஸ்ட்ரெச்சர்ல கெடந்தா, ஃபாதர்!”

“அவ்வளவு சீரியஸ்னு எனக்குத் தெரியாதும்மா.”

யோசித்துப் பாருங்கள். சட்டம் ஒன்று இருக்கிறது. கேட்காதவனுக்கு அது கிடையாது. நேர்மையாகப் போய்க் கேட்டவனுக்கு மட்டும் முழுசாக உண்டு. முன்வரிசைக்காரன் கேட்கவில்லை, நிம்மதியாக இருக்கிறான். காயில் கட்டுகிற சகாயம் நம்பிப் போய்க் கேட்டார், மொட்டை மாடியில் படுத்துக்கிடக்கிறார். இதற்குப் பெயர் போதனையா?

“இப்ப என்கிட்ட சொன்னதை அவர்கிட்ட வந்து சொல்லுங்க” என்றேன். “இன்னிக்கே.”

வந்தார். அதற்காக அவரை மதிக்கிறேன். சாயங்காலம் செலியமேட்டில் அந்தச் சின்னக் கூடத்தில் உட்கார்ந்து, தட்டுத்தடுமாறி, மனசாட்சி, சூழ்நிலை, உயிருக்கு ஆபத்து என்று எல்லாவற்றையும் சகாயத்திடம் சொன்னார். சகாயம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று நான் எதிர்பார்த்தேன்.

வரவில்லை.

“இத அன்னிக்கே போன்ல சொல்லியிருக்கலாமே ஃபாதர்?”

கேட்டது சகாயம்.

“இவ கண்ணு தெரியாம கெடந்தா ஃபாதர். புள்ள யாரு மாதிரி கீதுன்னு துழாவித் துழாவிக் கேட்டுக்கினு இருந்தா. நான் அப்பவும், பாவம் பண்ணாம தப்பிச்சிட்டோம்னு ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன்.” எழுந்து நின்றுவிட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. “உங்களைத்தானே ஃபாதர் நம்பினேன்? நீங்க சொல்றதுதான் கடவுள் சொல்றதுன்னு இருந்தேன். இன்னாத்துக்கு ஃபாதர் அப்ப ஒரு மாதிரி, இப்ப ஒரு மாதிரி?”

ஜெசிந்தா அடுப்படி வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். “நீங்க உக்காருங்க” என்றாள் அவரிடம். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்க்காமல், குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

“நான் போன மாசமே பண்ணிட்டேன்.”

யாருக்கும் புரியவில்லை.

“அம்மா வூட்டுக்குப் போறேன்னு கடலூர் போனேனே… அப்பதான். ஆஸ்பத்திரிக்குப் போயி ஆபரேஷன் பண்ணிக்கினேன். அம்மாதான் கூட இருந்துச்சி.”

“என்கிட்ட ஏன்டி சொல்லல?” சகாயம் கேட்டார்.

“சொன்னா நீங்க சம்மதிக்கணும். சம்மதிச்சா உங்களுக்கும் பாவம். அப்பால பூசைல வாசகம் படிக்கமாட்டீங்க, நற்கருணை வாங்கமாட்டீங்க. அது இல்லாம உங்களால இருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?” குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “பாவம்னா அது என்னோட போவட்டும்னு வுட்டுட்டேன். நான்தான் அப்பலேர்ந்து நற்கருணை வாங்கறதில்ல. நீங்க கவனிக்கல.”

சகாயம் அவளிடம் போனார். எங்கள் முன்னாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். நாலைந்து வீடு தள்ளி யாரோ டிராக்டர் ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டது. ஃபாதர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த ஃபாதர்தான், பேட்ரிக், இந்த வருஷக் குடும்ப விழாவுக்கு ஐடியா கொடுத்திருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதை மைக் முன்னால் சொல்ல அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. மேலே யாராவது கேட்பார்களோ என்ற பயம். அவர் பயத்துக்கும் சேர்த்து என் தங்கச்சிதான் விலை கொடுக்க வேண்டுமா?

ஒரு பெண் செத்துப் பிழைத்தாள். இனி சாகாமல் இருக்க வழி தேடிக்கொண்டாள். அதைத் திருட்டுத்தனமாகச் செய்துவிட்டு, வாரா வாரம் எல்லோரும் எழுந்து நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது, தான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

இதில் யார் யாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்?