அழிக்கச் சொன்ன புழுதி

திரையில் நான்கு மணிநேரங்களின் தூசி அளவுகள் சிவப்பாக நின்றன. நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தேன். "ஆரோ மெஷினுக்குப் பக்கத்தில செத்தல் மிளகாய் வறுக்கினம்" என்றேன். தூசி அளக்கும் சின்ன மெஷின் ஒன்றைத் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் என் வீட்டுச் சமையலறையில் வைத்து, மனைவி மிளகாய் வறுத்தபோது அது திக்குமுக்காடியதைப் பார்த்தவன் நான். அந்த ஒரே ஆராய்ச்சியோடு என்னை நிபுணன் என்று நம்பியிருந்த காலம்.

எங்கள் அலுவலகம் லண்டனில். அந்த அளவுகளை அனுப்பிய நிலையமோ அமெரிக்கப் பாலைவனப் பள்ளத்தாக்கு ஒன்றில் இருந்தது. நடத்துபவர்கள் அங்குள்ள பூர்வகுடி மக்கள். அவர்களுடைய ஏரித் தண்ணீரை ஒரு கம்பனி தூரத்து நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. ஏரி வற்றியது. காற்றடித்தால் அதன் அடிமண் ஊருக்குள் எழும்பியது. அதை அளக்கத்தான் சொந்தமாக நிலையம் போட்டார்கள். தாங்களே அளந்து தாங்களே சரிபார்த்தால் கம்பனி ஏற்காது என்பதால் சரிபார்க்கும் வேலையை எங்களிடம் தந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை கம்பனி மீதான விசாரணை. புழுதி எழும்பாமல் வற்றிய ஏரியின் தரையை மூடும்படி கம்பனிக்கு உத்தரவு வருமா, வராதா என்பது இந்த அளவுகளில்தான் தங்கியிருந்தது.

லண்டனில் அவ்வளவு பெரிய எண் வந்தால், பக்கத்தில் யாரோ கல் வெட்டுகிறார்கள், அல்லது மெஷின் பழுது. யோசிக்காமல் அழிப்போம். எங்கள் மென்பொருளும் அதே பழக்கத்தில் எழுதப்பட்டதுதான்.

மேலாளர் சந்திரன் மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மெஷின் கோளாறுலா நேசன். தூக்கிடு."

தூக்கினால் மீதி இருபது மணிநேரமும் சுத்தம். அந்த ஆண்டின் மோசமான நாள் நல்ல நாளாகிவிடும். எனக்குச் சிரிப்பு நின்றது.

"கேக்காமல் அழிக்க ஏலாது அண்ணை. ஒருக்கா கூப்பிடுறன்."

நிலையத்தைப் பார்ப்பவர் ரூத், அந்த ஊர்ப் பெண். வீடியோ அழைப்பில் மெஷினின் கதவைத் திறந்து உள்ளே இருந்த டேப்பைக் காட்டினார். உறிஞ்சிய காற்றின் தூசி அந்த வெள்ளை டேப்பில் மணிக்கொரு பொட்டாகப் படியும். லண்டன் பொட்டு, பென்சில் கோட்டை அழித்த இடம்போல இலேசான சாம்பல். ரூத் காட்டிய நான்கும் காய்ந்து வெடித்த சந்தனப் பொட்டுகள்போல் தடித்துக் கிடந்தன.

சந்திரன் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். காற்றை உறிஞ்சும் வேகம் சரிதானா என்று விசாரணையில் கேட்பார்கள், இப்போதே ஃப்ளோ செக் செய்யவேண்டும் என்றார். உறிஞ்சும் குழாயின் வாய் நிலையத்தின் கூரையில் இருந்ததால் அதற்கு மேலே ஏற வேண்டும். அங்கே மறுபடியும் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. ரூத் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஏறினார். எங்களுக்குக் காற்றின் இரைச்சலும் அவருடைய இருமலும் மட்டும் கேட்டன. கடைசியில் அளவுமானியைக் கமராவுக்கு நேரே பிடித்தார். வேகம் சரி.

"வச்சிரு," என்றார் சந்திரன். "கையெழுத்து நான் போடுறேன். கேள்வி வந்தா என்னைக் கேக்கட்டும்."

நல்ல செய்தியைச் சொல்ல நானே முந்திக்கொண்டேன். வாய் சும்மா இருக்குமா? இந்த ஆண்டின் முதற்பரிசு உங்களுடைய நாளுக்குத்தான் என்று ரூத்திடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்த நான்கில் இரண்டாவது மணிநேரத்தில்தான் பள்ளிக்கூடம் விட்டது," என்றார். "என் மகள் நடந்து வந்தாள். இன்னமும் மூச்சு இழுக்கிறது."

அந்த நான்கு அளவுகளையும் அப்படியே அறிக்கையில் ஏற்றி அனுப்பினேன்.

விசாரணையில் அந்த நாளின் அளவுகள் ஏற்கப்பட்டன. ஏரியின் ஒரு பகுதியைச் சரளைக்கல் போட்டு மூட உத்தரவு வந்தது. முழுவதையும் அல்ல. எங்கள் மென்பொருளிலிருந்தும் பெரிய எண்ணைப் பழுதென்று ஒதுக்கும் விதியை எடுத்துவிட்டோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெரிய எண்ணைக் கண்டால் அழிக்க முன் போனை எடுங்கள். எடுத்ததும் மெஷினைப் பற்றிக் கேட்காதீர்கள். பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிட்டார்களா, எப்படி மூச்சு விடுகிறார்கள் என்று கேளுங்கள். மெஷின் காத்திருக்கும்.