ஹெல்மெட்டில் விழாத காகிதம்

டொலீடோவில் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில் வெர்ன் கஸ்மரெக் முப்பத்தோரு வருடமாக வேலை பார்த்துவந்தான். பிரேக் கீச்சிடும் சத்தத்தை வைத்தே, வண்டி வாசலுக்குள் நுழையும் முன்பு அதன் எண்ணைச் சொல்லிவிடுவான். மனைவி விட்டுப்போய்ப் பதினாறு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. ஒரு நாய் இருந்தது, அதுவும் செத்துப்போனது. இதைக் கேட்டு யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். வெர்னுக்கு லீக் இருந்தது.

எட்டு நண்பர்கள், ஆளுக்கொரு பேஸ்பால் அணி. அணி என்றால் காகிதத்தில்தான். மார்ச் மாதத்தில் உட்கார்ந்து, நிஜ ஆட்டக்காரர்களை முறைவைத்துப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். அந்த ஆட்டக்காரன் எங்கோ ஒரு மைதானத்தில் பந்தைத் தூக்கி அடித்தால், இங்கே அவனை எடுத்தவனுக்குப் புள்ளி. சீசன் முடிந்ததும் ஆளுக்கு நாலு பேரை அடுத்த வருடத்துக்குத் தக்கவைத்துக்கொள்ளலாம். மிச்சமெல்லாம் பொதுவுக்குப் போய்விடும். யாரும் சீந்தாத ஒரு பத்தொன்பது வயதுக்காரனை எடுத்து, வருடா வருடம் விடாமல் வைத்திருந்து, அவன் நட்சத்திரமாகும்போது மீசையை முறுக்குவதில்தான் இந்த ஆட்டத்தின் ருசியே இருக்கிறது.

மற்ற லீக்குகளில் தக்கவைக்கும் பெயர்களைக் கணினியில் தட்டிவிட்டுத் தூங்கப் போவார்கள். இவர்களுக்கு மட்டும் ஒரு பிடிவாதம். செப்டம்பர் கடைசி ஞாயிறு மதியம், ஸ்டாஷ் மதுக்கடையின் பின்னறையில் எட்டுப் பேரும் கூட வேண்டும். மேசை நடுவில் விரிசல் விட்ட பழைய பேஸ்பால் ஹெல்மெட் மல்லாந்து கிடக்கும். சுவர்த் தொலைக்காட்சியில் டெட்ராய்ட் அணியின் அந்த சீசன் கடைசி ஆட்டம் ஓடும். அந்த ஆட்டம் முடிவதற்குள் நாலு பெயரையும் தன் கையால் எழுதி, தன் கையால் ஹெல்மெட்டில் போட வேண்டும். போடாதவனின் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் பொதுவுக்குப் போவார்கள். கடைசி இடம் பிடித்தவன் மார்ச்சில் முதல் ஆளாகப் பொறுக்கலாம்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் வெர்ன் ஒருமுறை பிந்தினான். அவனுடைய அப்பா மருத்துவமனையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் பேசிவிட்டு ஓடி வந்தபோது ஆட்டம் முடிந்து ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. அவன் ஐந்து வருடம் பொத்திப் பொத்தி வளர்த்த ஆட்டக்காரன் ஒருவன் அவன் கையிலிருந்த காகிதத்தில் இருந்தான். அந்த வருடம் கடைசி இடம் ஹாலிஸ் ப்ரூயிட்டுக்கு. ஹாலிஸ் கூரை வேலை செய்கிறவன், பெரிய குரல், கூட்டத்தில் அவன் சொன்னதுதான் சட்டம். அவன் பியர் நுரையைத் துடைத்துக்கொண்டு, "ரூல்னா ரூல்தான்டா, வெர்ன்" என்றான். ஆறு பேரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் வெர்னும் சிரித்தான்.

அப்பா செவ்வாய்க்கிழமை போய்விட்டார். அடக்கத்துக்கு எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார்கள். வரிசையில் கைகொடுக்க வந்த ஹாலிஸ் குனிந்து, உன் ஆட்டக்காரப் பையன் இனி என் பையன், நல்லாப் பார்த்துக்கிறேன் என்று காதில் சொல்லிக் கண்ணடித்தான். மார்ச்சில் முதல் ஆளாக எடுத்த அந்தப் பையனை வைத்து ஹாலிஸ் மூன்று கோப்பை வாங்கினான். வெர்ன் ஒரு கோப்பைகூட வாங்கவில்லை. அடுத்த வருடமே கணக்கும் சட்டமும் பார்க்கும் லீக் கமிஷனர் வேலையை வெர்ன் கேட்டு வாங்கிக்கொண்டான். எவனுக்கும் வேண்டாத வேலை அது. சட்டங்களையெல்லாம் ஒரு நீல நோட்டில் முத்து முத்தாக எழுதினான். ஒவ்வொரு செப்டம்பரிலும் ஹாலிஸ் பிந்துவானா என்று வாசலைப் பார்ப்பான். ஹாலிஸோ முதல் ஆளாக வந்து மீன் வறுவலுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பான். பத்து வருடம் இப்படிப் போனது. மனிதன் எதை எதையோ வளர்க்கிறான், வெர்ன் இதை வளர்த்தான்.

இந்த வருடம் ஹாலிஸின் நாற்காலி காலியாக இருந்தது. அவன் மனைவி லோரெட்டாவை வியாழக்கிழமை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். ஹாலிஸிடம் டொலோசா என்ற பந்துவீச்சாளன் இருந்தான், இருபத்திரண்டே வயது, இன்னும் பத்து வருடத்துக்குக் கவலையில்லாத சொத்து. இந்தமுறை கடைசி இடத்தில் இருந்தவன் வெர்ன், மார்ச்சில் முதலில் பொறுக்கப்போகிறவனும் அவன்தான். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் இந்தக் கணக்குத் தெரியும்.

எட்டாவது இன்னிங்ஸில் ரூடி ஸாபோவின் கைபேசி அடித்தது. ரூடி தபால்காரன், பள்ளிக்கூடத்திலிருந்து எல்லோருக்கும் சிநேகிதன். பேசிவிட்டு, ஹாலிஸ் கிளம்பிவிட்டான், காகிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான், இருபது நிமிடத்தில் வருவான், எதற்கும் நாலு பெயரையும் என்னிடம் சொல்லிவிட்டான் என்றான். எல்லோரும் வெர்னைப் பார்த்தார்கள். வெர்ன் நீல நோட்டைத் திறந்து விரலை வைத்தான்.

"சொந்தக் கையால எழுதி, சொந்தக் கையால போடணும்."

"பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடக்குறா. விட்டுத் தொலைடா" என்றான் ரூடி.

"எங்கப்பா எங்க கெடந்தாரு?"

மற்றவர்கள் திரும்பித் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள்.

கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் டெட்ராய்ட் ஒரு ரன் பின்னால் இருந்தது. ஒரு ரன் எடுத்துச் சமன் செய்தால் ஆட்டம் நீளும், ஹாலிஸ் வந்துவிடுவான். ஆறு பேரும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு ரன்னுக்காகக் காத்திருந்தார்கள். வெர்ன் பிறந்ததிலிருந்து டெட்ராய்ட் ரசிகன். அவனுடைய அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிய அணி அது. அன்றைக்கு அது தோற்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினான். இரண்டு அவுட் ஆகியிருந்தது, இன்னொன்று விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அடுத்த ஆள் ஓங்கி அடித்தான். பந்து உயரப் போனது, ரூடி எழுந்தேவிட்டான். வலது ஓரத்தில் நின்ற எதிரணிக்காரன் நாலடி பின்னால் நகர்ந்து, சாவகாசமாகப் பிடித்தான்.

வெர்ன் ஹெல்மெட்டைத் தன் பக்கம் இழுத்து அதன் மேல் நோட்டை வைத்து மூடினான். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டான். அதன் கீழே இரண்டு கோடு போட்டான். சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

ஆறு நிமிடம் கழித்து ஹாலிஸ் உள்ளே வந்தான். சட்டையில் மருத்துவமனைப் பார்வையாளர் அட்டை ஒட்டியபடி இருந்தது. முகச்சவரம் செய்து நாலு நாள் ஆகியிருக்கும். நேராக மேசைக்கு வந்து, மடித்த காகிதத்தை நீட்டினான். வெர்ன் எழுந்து நின்றான். பதினொரு வருடமாகக் குளிக்கும்போதும், வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் அவனிடம் தயாராக இருந்தது.

"ரூல்னா ரூல்தான்டா, ஹாலிஸ்."

ஹாலிஸ் அவனைப் பார்த்தான். அந்த முகத்தில் பழைய ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்க வேண்டும் என்று வெர்ன் காத்திருந்தான். நிற்கவில்லை. தெரியாத ஊரில் வழி கேட்கிறவனைப் போல ஹாலிஸ் விழித்தான்.

"யார் சொன்னதுன்னு ஞாபகம் இருக்கா?" என்றான் வெர்ன்.

"எது?"

"நீ சொன்னது. எங்கப்பா சாகக் கெடந்தப்போ."

"அப்படியா சொன்னேன்?" ஹாலிஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். "எனக்கு ஞாபகம் இல்லடா. லோரெட்டா காலையில பதினொன்றரைக்குப் போயிட்டா. ரூடிகிட்ட போன்லகூடச் சொல்ல வாய் வரல. எங்க போறதுன்னு தெரியல. பையில இந்தக் காகிதம் இருந்துச்சு, அதான் வந்தேன்."

காகிதத்தை மேசையில் வைத்தான். இந்த இடத்தில் வெர்ன் ஹெல்மெட்டைத் தள்ளியிருக்கலாம். ஒரு நோட்டை நகர்த்துகிற வேலை. அவன் ஹாலிஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மன்னிப்பு வரும், குறைந்தது ஞாபகமாவது வரும் என்று. பதினொரு வருடம் சோறு போட்டு வளர்த்த கோபம், யாருக்கு வளர்த்தானோ அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. அதைத் தாங்க முடியவில்லை அவனால். காகிதத்தை எடுத்துப் பிரிக்காமலே ஹாலிஸின் பக்கம் நகர்த்தினான்.

"ஆறு நிமிஷம் லேட்டு" என்றான்.

"சரி. நீயே எடுத்துக்கோ" என்றான் ஹாலிஸ். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே அவன் கவனிக்கவில்லை.

ரூடி எழுந்து வந்து நோட்டைத் தூக்கி ஓரமாக வைத்தான். ஹெல்மெட்டுக்குள் கையை விட்டுத் தன் காகிதத்தைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அடுத்தவன் எடுத்தான். ஒவ்வொருவராக எடுத்தார்கள். அன்றைக்குச் சிரித்ததும் இதே ஆறு பேர்தான். அதை அவர்களில் ஒருவனும் நினைத்துப் பார்க்கவில்லை, நல்லவர்களாக இருப்பது அன்றைக்கு அத்தனை சுலபமாக இருந்தது. ஹாலிஸைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் ரூடி மட்டும் திரும்பினான்.

"அது அப்போ வெளையாட்டுடா, வெர்ன்."

"எனக்கு இல்ல" என்றான் வெர்ன். அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

பரிமாறும் மார்ஜ் எட்டுப் பேருக்கான ஏரி மீன் வறுவலைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். எல்லாரும் எங்க போனாங்க கண்ணு என்று கேட்டாள். வேலை இருக்கிறதாம் என்றான் வெர்ன். ஒரு தட்டைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டு, எலுமிச்சை பிழிந்து, முழுதாகச் சாப்பிட்டான். பிறகு நீல நோட்டில், ஹாலிஸ் என்ற பெயருக்கு நேராக, யாருமில்லை என்று எழுதினான்.

லோரெட்டாவின் அடக்கத்துக்கு அப்பாவுக்குப் போட்ட அதே கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். வரிசையில் அவன் முறை வந்தபோது, ஹாலிஸ் கையைக் கொடுத்து, வந்ததற்கு நன்றி என்றான். மற்ற எல்லோரிடமும் சொன்னதைத்தான் அவனிடமும் சொன்னான், ஒரு எழுத்துக் கூடுதலும் இல்லை குறைவும் இல்லை. குளிர்காலம் முழுக்க யாரும் கூப்பிடவில்லை. ஏழு பேரும் வேறொரு லீக் தொடங்கிவிட்டார்கள், கணினியில், ஹெல்மெட் இல்லாமல் என்று பணிமனையில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டான்.

ஆனாலும் ஆட்டக்காரர்களைப் பங்கு பிரிக்கும் மார்ச் மாதத்துச் சனிக்கிழமையை அவன் விடவில்லை. காலை பத்து மணிக்கு ஸ்டாஷ் பின்னறையில் எட்டு நாற்காலியையும் போட்டான். ஹெல்மெட்டை நடுவில் வைத்தான். பன்னிரண்டு வரை பார்த்தான். வராதவனுக்கு என்ன செய்வது என்று நீல நோட்டில் அவனே எழுதி வைத்திருந்தான்: முறை வரும்போது இரண்டு நிமிடம் காத்திருந்து அடுத்தவனுக்குப் போக வேண்டும்.

முதல் முறை அவனுடையது. டொலோசா என்று வாய்விட்டுச் சொல்லி எழுதிக்கொண்டான். அடுத்தது ரூடி. வெர்ன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, இரண்டு நிமிடம் காத்திருந்தான். அதற்கடுத்தது ஹாலிஸ். அவனுக்கும் இரண்டு நிமிடம் கொடுத்தான்.