நாலே நாலு சுற்று

கிழக்கு ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷன் ஊரில் எவால்ட் லெங்க் நாற்பது வருடமாக வயலின் வில் செய்கிறார். வாசிக்கத் தெரியாது, கச்சேரிக்குப் போனால் தூக்கம் வந்துவிடும். ஆனால் ஒரு குச்சியைக் கையில் வாங்கி லேசாக வளைத்துப் பார்த்தால் போதும், அது வில்லா விறகா என்று சொல்லிவிடுவார்.

அரசாங்கம் அளந்து தருகிற பிரேசில் கட்டையில் பாதி விறகுதான். பதினொரு வருடத்தில் ஒரே ஒரு குச்சிதான் அவர் மனசுக்கு ஒப்பியது. அதை இழைத்து, விளக்குச் சூட்டில் வளைத்து, குதிரைமுடி கட்டி வில்லாக்கினார். விற்க மனம் வரவில்லை. பிளாவன் நாடக அரங்கில் வாசிக்கும் மருமகன் வோல்க்மாருக்குக் கொடுத்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆறே மாதத்தில் மருமகன் வந்து நின்றான். "மாமா, வில்லு செத்துப்போச்சு. துள்ளவே மாட்டேங்குது."

குச்சியின் வளைவு நிமிர்ந்திருந்தது; முடியை இறுக்கியே வைத்தால் அப்படித்தான் ஆகும். "வாசிச்சு முடிச்சதும் முடியை இறுக்குற திருகைத் தளர்த்துறீங்கல்ல, மாப்பிள்ளை?"

"அதெல்லாம் மறப்பேனா?"

எவால்ட் மறுபடி சூடு காட்டி வளைத்துக் கொடுத்தார். அடுத்த வருடமும் அதே கதை. மூன்றாம் முறை ஞாயிறு விருந்துக்கு வந்தவனின் வயலின் பெட்டியை, உருளைக்கிழங்கு உருண்டை ஆறுவதையும் பார்க்காமல், அவரே திறந்தார். முடி தந்திக்கம்பி போல விறைத்துக் கிடந்தது.

"என்ன இது?"

"நேத்து கச்சேரி முடிஞ்சதும் பீர் குடிக்கக் கூப்பிட்டாங்க, மாமா..."

"உழுது முடிச்சா மாட்டுக்குக்கூட நுகத்தை இறக்கி விடுறான்! நாலு சுற்று, மாப்பிள்ளை. நாலே நாலு சுற்று!"

"அப்பா, இவரு அடுப்பையே அணைக்க மாட்டாரு" என்றாள் மகள் கிஸெலா. "பேசாம வில்லைத் திருப்பி வாங்கிக்குங்க."

"வாங்கி ஆணியில மாட்டவா? வாசிக்காத வில்லும் விறகுதான்டி. இன்னொரு தடவை சூடு பட்டா ஒடிஞ்சிடும். எனக்கு இனி இப்படி ஒரு குச்சி எங்க கிடைக்கும்?"

அன்று முதல் வீட்டில் வாசிக்கும் நாட்கள் கிஸெலா பொறுப்பு. கச்சேரி நாட்கள் எவால்டுக்கு. ரயிலேறிப் போவார், கடைசி வரிசையில் தூங்குவார், கைதட்டலில் விழித்து, மேடைக்குப் பின்னால் ஓடித் திருகைத் தளர்த்துவார்.

போன சனிக்கிழமை வோல்க்மார் வாயெல்லாம் பல்லாக எதிரே வந்தான். "மாமா, இன்னிக்கு நானே தளர்த்திட்டேன்!"

எவால்ட் பெட்டியைத் திறந்தார். திருகு தனியே கிடந்தது. முடியைப் பிடிக்கும் அடிக்கட்டை குச்சியை விட்டுக் கழன்று முடியில் தொங்கியது.

"நாலு சொன்னேன், மாப்பிள்ளை. நாப்பது சொல்லலை."

குச்சியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வளைவு அப்படியே இருந்தது. திருகை மாட்டினார். திரும்பும்போது அடுத்த சனிக்கிழமைக்கும் சேர்த்தே பயணச்சீட்டு வாங்கினார்.