தூசி படாத அறை

என் அத்தானுக்குத் தொழிற்சாலையில் வைத்த பெயர் குமிழி. எரிவாயு உருளைகள் செய்கிற இடம் அது. செய்து முடித்த ஒவ்வொன்றிலும் காற்றை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, எங்காவது குமிழி கிளம்புகிறதா என்று பார்ப்பதுதான் இருபத்தாறு வருடமாக அவர் வேலை. ஊசிமுனை அளவு கசிவு கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்ட மனிதர் தன் வீட்டுக் காற்றை மட்டும் பார்க்காமல் விட்டார். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

அக்காவைக் கல்யாணம் செய்த புதிதில் அவரை ஊமையோ என்று சந்தேகப்பட்டோம். கேட்டால் ஒரு 'ம்', கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. "அத்தான் வாயத் திறக்க டோக்கன் ஏதாவது வாங்கணுமாக்கா?" என்று கிண்டல் செய்வேன். அக்கா நேரெதிர், சரியான வாயாடி. துணிக்கடையில் புடவைப் பிரிவில் நின்று நாள் முழுக்கப் பேசிப் பேசியே விற்பவள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுவரோடு குடும்பம் நடத்தினாள். குழந்தையும் இல்லை.

ஒருநாள் அத்தான் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே நூற்றுக்கணக்கில் பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு தடித்த விளக்கத் தாள். உலகப் போரில் ஜெர்மன்காரன் ஓட்டிய நீர்மூழ்கிக் கப்பல், எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில். ஒட்டி முடித்தால் ஒரு கஜ நீளம் வரும். அதோடு மனிதர் தொலைந்தார். அடுத்ததும் நீர்மூழ்கி, அதற்கடுத்ததும் நீர்மூழ்கி, எல்லாம் ஜெர்மன்காரனுடையதே. "உலகத்துல வேற நல்ல கப்பலே இல்லையா அத்தான்? ஊரையே அழிச்சவன் கப்பல்தான் கெடச்சுதா?" என்று கேட்டேன். "அதுல போனவங்கள்ல முக்காவாசிப் பேர் திரும்பி வரல தம்பி" என்றார். அது எனக்குப் பதிலாகவே படவில்லை.

ஒட்டுகிற வரைக்கும் யாருக்கும் தொந்தரவு இல்லை. வண்ணம் அடிக்கும்போதுதான் வந்தது வினை. ஈரப் பெயிண்டில் ஒரே ஒரு தூசி உட்கார்ந்தாலும் போச்சு, முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்குப் பின்னாலோ கல் அறுக்கும் பட்டறை. அதனால் படுக்கையைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டு, படுக்கையறை ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினார். கதவுக்கு அடியில் ஈரத் துணியைச் சுருட்டி வைத்தார். காற்று நுழையாத அந்த அறையில் தின்னர் கலந்த பெயிண்டைக் கம்ப்ரசர் வைத்துப் பீய்ச்சினார்.

ஒரு கஜ நீளக் கப்பலுக்கு ஒற்றை ஆளாகப் பெயிண்ட் அடிக்க முடியாது. நடுவில் கம்பியைச் செருகி ஒருவர் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் வடிந்துவிடும். அக்காதான் சுற்றினாள். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ, கை ஓயாமல் சுற்றுவாள். நான் போகிற நாட்களில் கதவுக்கு உள்ளேயிருந்து அத்தானின் குரல் கேட்கும். எந்தக் கப்பல் எங்கே மூழ்கியது என்று பட்டியல் போடுகிறார், இவளும் தலையெழுத்தே என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். பதினோரு வருடத்தில் இருபத்தொரு கப்பல்.

முதலில் வறட்டு இருமல் வந்தது. பிறகு துணிக்கடை மாடிப்படி ஏற முடியவில்லை, வேலையை விட்டாள். அதன்பின் குளித்துவிட்டு வந்தாலே அரைமணி நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கடைசியில் நான் சண்டை போட்டு நுரையீரல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எந்தப் பெயிண்ட் கம்பெனியில வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அத்தான் தன் கை விரல்களைப் பார்த்தார், நகக்கண்ணில் சாம்பல் நிறம் இருந்தது. டேப் ஒட்டிய அறையைப் பற்றி நான்தான் டாக்டரிடம் சொன்னேன்.

"அதே ரூம்ல நானும்தானே இருந்தேன், எனக்கு ஒண்ணுமில்லையே" என்றார் அத்தான்.

"சிலருக்குத் தாங்கும், சிலருக்குத் தாங்காது. போன நுரையீரல் திரும்பி வராது. ஆனா இன்னையோட நிறுத்துனா, இருக்கறத வச்சு இன்னும் பல வருஷம் ஓட்டலாம். நிறுத்தலைன்னா நாள எண்ணிக்க வேண்டியதுதான்."

அத்தான் நிறுத்தினார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அன்றைக்கே டேப்பையெல்லாம் கிழித்தார், ஜன்னலை அகலத் திறந்தார், கம்ப்ரசரைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினார். பாதி ஒட்டிய இருபத்திரண்டாவது கப்பலும் மேலே போனது. படுக்கை உள்ளே திரும்பியது. ஒரு மாதம் கழித்து அக்கா தெருமுனை வரைக்கும் நடந்தாள். மூன்றாம் மாதம் மார்க்கெட்டுக்கே போய்வந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, பிழைத்துக்கொண்டாள் என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

பெயிண்ட் அடிப்பதை நிறுத்தி நாலு மாதம் கழிந்திருக்கும். ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். வாசலிலேயே தின்னர் வாடை மூக்கில் அறைந்தது. படுக்கையறைக் கதவை உதைக்காத குறையாகத் திறந்தேன். ஜன்னலில் புது டேப். ஸ்டூலில் அக்கா, கையில் கம்பி, கம்பியில் கப்பல் சுற்றிக்கொண்டிருந்தது. எதையோ சொல்லிக்கொண்டிருந்த அத்தான் பாதியில் நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது, அது பெயிண்டால் அல்ல என்று எனக்கே தெரிந்தது.

"மனுஷனா நீங்க? கட்டுனவள கொன்னுட்டுத்தான் ஓய்வீங்களா?" என்று கத்தினேன்.

"அவரத் திட்டாத. டேப்ப ஒட்டுனது நான்" என்றாள் அக்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேடினாள், ஆனால் கை சுற்றுவதை நிறுத்தவில்லை. "வேணாம் வேணாம்னுதான் சொன்னார். ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்து சம்மதிக்க வச்சேன்."

"பைத்தியமாக்கா உனக்கு? டாக்டர் என்ன சொன்னாங்க?"

"எனக்கும் காது இருக்குடா. அவர் கையில வேலை இருந்தாத்தான் வாய் தெறக்கும். மொதல்ல கப்பலப் பத்திப் பேசுவார், அப்புறம் மத்ததெல்லாம் வரும். அவங்கம்மா செத்ததுக்கு அழுதது இங்கதான். நமக்குக் குழந்தை இல்லாட்டி என்ன, நீ போதும்னு சொன்னதும் இங்கதான். கூடத்துல உக்காந்து பேசச் சொல்லு பாப்போம், ஒரு வார்த்தை வராது." கொஞ்சம் இருமினாள். "நாலு மாசமா இந்த வீட்ல காத்து மட்டும்தான்டா இருந்துச்சு. வேற ஒண்ணுமே இல்ல."

ஜன்னல் டேப்பைப் பிய்த்தெறியத்தான் உள்ளே நுழைந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கை வரவில்லை. சின்ன வயதில் அவள் தட்டிலிருந்து நான் எதை எடுத்தாலும் விட்டுக்கொடுத்துவிடுவாள், எதற்கும் 'இதை மட்டும் எடுக்காதே' என்று அப்படிப் பார்த்ததில்லை.

"தூசி வருது. கதவச் சாத்திட்டுப் போ" என்றாள்.

சாத்தினேன். அத்தான் மேல் எனக்கு உள்ள கோபம் இன்னும் தீரவில்லை, அதில் பாதி என் மேல்தான் என்பதும் தெரிகிறது.

அதன் பிறகு அக்கா ஐந்து மாதம் உயிரோடு இருந்தாள். வாரம் தவறாமல் போய், மூடிய கதவுக்கு வெளியே நின்றேன். கடைசி மாதங்களில் அவள் குரல் எழவே இல்லை, இருமல்தான் கேட்கும். அவர் பேசிக்கொண்டே இருந்தார்.