பதிவேட்டுக்கு ஒத்துப்போகாத மாடு

தையல்கடையின் உள்சுவரில் இன்னும் ஒரு மேலங்கி தொங்குகிறது. இடப்பக்கம் முழங்கைவரை கை உண்டு. வலப்பக்கம் கையே கிடையாது, தோளோடு நின்றுவிடும். பாதி தைத்து மறந்துபோன துணி என்று வாடிக்கைக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தையல்காரர் திருத்துவதில்லை. அவர் மனைவி கால்நடை மருத்துவர் என்பதற்கு அங்கே கண்ணில் படும் சாட்சிகள் இரண்டு. ஒன்று அந்த மேலங்கி. மற்றொன்று கடையை ஒட்டிய வீட்டின் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகை. அதில் பெயரைவிடப் பதிவு எண் பெரிதாக இருக்கும். பலகை எழுதியவர் மேல் பிழையில்லை. அவளேதான் அப்படிக் கேட்டாள்.

உள்நாட்டுக் கல்லூரியில் அரை மதிப்பெண்ணில் இடம் நழுவியதால் அவள் வெளிநாட்டில் ஐந்தரை வருடம் படித்தாள். பட்டத்தோடு திரும்பியவளிடம் கால்நடை மருத்துவக் கவுன்சில், அந்த நாட்டு மாடும் இந்த நாட்டு மாடும் ஒன்றுதான் என்பதைத் தன் தேர்வில் நிரூபிக்கச் சொன்னது. மூன்று வாய்ப்புகள். தேறும்வரை ஊசியைத் தொடக்கூடாது.

ஊசியைத் தொடாத வேலையாகப் பார்த்து, ஒரு நாய் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தாள். நாயை அணைத்துப் பிடித்தபடியே நோய் இன்னதென்று மெதுவாகச் சொல்வாள். டாக்டர் கைபேசியிலிருந்து நிமிராமல் அதையே மருந்துச்சீட்டில் எழுதிக் கையெழுத்திடுவார். கைராசிக்காரர் என்று அவருக்கு ஊரில் நல்ல பெயர். அவளுக்கு 'அரை டாக்டர்' என்று பெயர். வைத்தவர் அவள் நாத்தனார்.

முதல் வாய்ப்பு எழுத்துத் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணில் போனது. இரண்டாவது வாய்ப்பை ஒரு பழுப்பு மாடு கொண்டுபோனது.

செய்முறைத் தேர்வு நடக்கும் கல்லூரிக் கொட்டிலில் அந்த மாடு எட்டு வருடமாக இருந்தது. அது மலடு என்று ஒரு பேராசிரியர் எழுதிக் கையெழுத்திட்டு ஓய்வும் பெற்றுவிட்டார். மலட்டு மாட்டைத் தீனி போட்டு வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. சினையா இல்லையா என்ற கேள்விக்கு அதன் விடை மாறவே மாறாது. விடைத்தாளை வருடாவருடம் திருத்த வேண்டியதில்லை. பயிற்சி வகுப்புக்குப் போனவர்களுக்கு அதன் காது வில்லையின் எண்கூட மனப்பாடம். தோள்வரை கையுறை மாட்டி, சம்பிரதாயத்துக்கு மாட்டின் ஆசனவாய்க்குள் கையை விட்டு, "சினை இல்லை சார்" என்று சொல்லி வெளியே வந்துவிடுவார்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் அவளுக்குப் பயிற்சி வகுப்பு வாய்க்கவில்லை. கையை விட்டாள். ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றாள்.

"சினை சார். மூணரை மாசம்."

தேர்வாளர் பதிவேட்டைப் பார்த்தார். மாட்டைப் பார்க்கவில்லை. பாவம், அவருக்கு இன்னும் நாற்பது பேர் பாக்கி. சுழியம் போட்டார்.

வெளியே, கல்லூரிக் கொட்டிலைப் பார்த்துக்கொள்ளும் மாட்டுக்காரர் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். பின்பக்க வேலி விழுந்து ஐந்து மாதமாகிறதாம், பக்கத்துக் கொட்டிலில் காளை நிற்கிறதாம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"என்கிட்ட யாரும்மா கேட்டாங்க?"

அவள் மேல்முறையீடு செய்தாள். போதிய உறுப்பினர் வராததால் குழு இரண்டு முறை கூடாமல் கலைந்தது. மூன்றாம் முறை கூடி, மாட்டின் நிலையைத் தெரிவிக்குமாறு கல்லூரியைக் கேட்டது. கல்லூரி மாட்டைப் பார்க்காமல் பதிவேட்டின் நகலை அனுப்பியது. விலங்கின் நிலை சான்றளிக்கப்பட்ட ஆவணத்தின்படியே கொள்ளப்படும், விண்ணப்பதாரரின் அபிப்பிராயத்தின்படி அல்ல என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைத் தையல்காரர் சத்தமாகப் படித்துக் காட்ட, அவள் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இதற்குள் மாட்டின் வயிறு பதிவேட்டுக்கு அடங்காமல் போய்விட்டது. மலடு கன்று போட்டால் கன்றை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கல்லூரி அலுவலகம் விழித்துக்கொண்டது. மாட்டைச் சினையாகக் கருத அனுமதி கேட்டுக் கோப்பு மேலே போனது. 'இன்று முதல் இம்மாடு சினை' என்ற உத்தரவு கையெழுத்தாகிக் கீழே வந்தபோது கன்றுக்கு வயது நான்கு நாள்.

அதற்கடுத்த மூன்றாம் வாரம் அவளுடைய கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் ஆயுசுக்கும் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். காலையில், மாட்டுக்குள் விடும் வலக்கைக்குத் தடையில்லாமல் தானே தைத்த மேலங்கியை மடித்துக் கொடுத்த தையல்காரர் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"இந்தத் தடவை பேப்பர்ல என்ன இருக்கோ அதையே சொல்லிட்டு வந்துடு. மாடு கோவிச்சுக்காது."

"கை கோவிச்சுக்குமே" என்றாள்.

கொட்டிலில் மாட்டுக்காரர் அவள் காதோரம் குனிந்தார். "பேப்பர்ல சினைன்னு போட்டிருக்கும்மா. அப்படியே சொல்லிடுங்க."

அதே மாடு. அதே தேர்வாளர். திறந்த பதிவேடு. அவள் கையை விட்டாள். முன்பு போல ஒரு நிமிடம் போதவில்லை. கை சொல்வது உடனே தெரிந்துவிட்டது. மற்றதற்குத்தான் நேரம் பிடித்தது. கணவரின் முகம், நாத்தனாரின் வாய், கைபேசியிலிருந்து நிமிராத டாக்டர் எல்லோரும் வரிசையாக வந்து போனார்கள்.

"சினை இல்லை சார். கன்னு போட்டு இருபது, இருபத்தஞ்சு நாள் இருக்கும். கர்ப்பப்பை இன்னும் முழுசா சுருங்கல."

தேர்வாளரின் பேனா சுழியத்துக்குத் தயாரானது. அந்த நேரம் பார்த்துக் கொட்டிலுக்கு வெளியே கன்று கத்தியது. மாடு திரும்பிப் பார்த்தது. மடி சுரந்து, பால் சொட்டுச் சொட்டாகத் தேர்வாளரின் செருப்பில் விழுந்தது. அவர் செருப்பைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு ஒரு கையுறை கேட்டார். பதினொரு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல்முறை என்று மாட்டுக்காரர் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கை கழுவிவந்து தேர்வாளர் எழுதிய குறிப்பு கோப்பில் இருக்கிறது. 'விண்ணப்பதாரரின் விடை சரி. மாடு பதிவேட்டுக்கு ஒத்துப்போகவில்லை.'

அவளுக்குப் பதிவு எண் வந்தது. மாட்டுக்கு வேலை போயிற்று. விடை மாறும் மாடு தேர்வுக்கு உதவாது என்று ஏலம் விட்டார்கள். மாட்டுக்காரரே எடுத்துக்கொண்டார்.

பலகை மாட்டிய ஆறாம் மாதம் வாசலில் முதலில் வந்து நின்றதும் அதே மாடுதான். காப்பீட்டுக்குச் சினைச் சான்று வேண்டுமாம். பதிவு பெற்றவர் கையெழுத்தும் எண்ணும் இருந்தால்தான் செல்லுமாம். மாட்டுக்காரர் படிவத்தை உரிமையோடு நீட்டினார்.

"நாலு மாசம்மா. எனக்குத் தெரியாதா? நீங்க பாக்கவே வேணாம், போட்டுக் குடுங்க."

அவள் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, அந்த மேலங்கியை எடுங்க."