காப்பார் மர வீட்டில் நான் போட்ட தங்கம்

கிள்ளானில் இன்றைக்கும் நிற்கிற ஒரு கடை வரிசையின் மாடிப்படிகள் நான் போட்டவை. பிரிக்பீல்ட்சில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேடை என்னுடையது. அதன்மேல் எத்தனையோ ஜோடிகள் நின்றாகிவிட்டது, ஒரு பலகை முனகியதில்லை. பந்திங்கில், இந்தச் சேற்றில் வீடு நிற்காது என்று மற்ற காண்டிராக்டர்கள் கைகழுவிய இடத்தில் வீட்டை நிறுத்திக் காட்டினேன். ரவாங்கில் பேய்க்காற்று அடித்த அன்று பக்கத்துக் கூரையெல்லாம் பறந்தது, என் கூரை பறக்கவில்லை. படிப்பு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. கடன் கேட்டுப் போனபோது பேங்க்காரர் என் செருப்பைப் பார்த்தார். அந்தப் பேங்க்குக்குக் கதவு மாட்டியதும் பிறகு நான்தான்.

இவ்வளவு செய்தவன், காப்பாரில் இருக்கிற ஒரு சின்ன மர வீட்டைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது.

நிலம் ஓர் அக்காவுடையது. என்னைவிட மூத்தவர். அவர் வீட்டில் கார் நிறுத்துகிற இடத்தில் பெண்கள் கூடி மாலை கட்டுவார்கள், மணி கோப்பார்கள், ரவிக்கைக்குப் பூவேலை செய்வார்கள். பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்ப் பெண்கள் பாய் பின்னவும் அங்கேதான் வருவார்கள். கோலாலம்பூரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் தங்கி, அவர்களோடு உட்கார்ந்து கைவேலை செய்ய ஒரு விருந்தினர் வீடு வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை.

படம் போட ஓர் ஆர்க்கிடெக்ட் பெண் வந்தார். எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். உடைக்கிற பழைய வீடுகளின் மரத்தையே வாங்கவேண்டும், ஏர்கோன் இல்லாமல் வீடு குளிரவேண்டும் என்றார். நடுவில் பெரிய பலகைத் தளம், சுற்றிலும் சின்னச் சின்னப் படுக்கை அறைகள். நான், நடுவில் இவ்வளவு இடத்தை வீணாக்குவானேன், இன்னும் இரண்டு அறை தடுக்கலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி. இப்போது எல்லாரும் அந்தத் தளத்தில்தான் கிடக்கிறார்கள். அவர் பங்கை நான் எடுத்துக்கொள்ளவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் கவலை வேறு. அந்தப் பக்கம் சாலையை அகலமாக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு.

"தம்பி, எஸ்டேட்டுல எங்க லயத்து வீட்ட புல்டோசர் வச்சு தள்ளுனப்ப, பாயும் சட்டியுமா ரோட்டுல நின்னவ நானு. இன்னொரு வீடு இடியறத பாக்க எனக்கு தெம்பு இல்ல. இடிப்பாங்கன்னா கட்டவே வேணாம், விட்டுடுங்க."

மிஸ்ஸின் படத்தில் மூட்டுக்கு மூட்டு இரும்புத் தகடும் போல்ட்டும் இருந்தன. காப்பாரில் கடல் காற்று. கொஞ்ச நாளில் துரு கடித்துவிடும், பிறகு யாராலும் கழற்ற முடியாது. அதனால் பெண்கள் எல்லாரும் இருந்த கூட்டத்தில் நான் எழுந்து நின்று சொன்னேன்:

"அக்கா, கவலைய விடுங்க. தூணெல்லாம் செங்கல். மூட்டெல்லாம் தங்கம். ஒரு ஆணி கெடையாது. ரோடு போட வந்தாங்கன்னா, வீட்ட கழட்டி லோரில ஏத்திட்டு போயிக்கிட்டே இருக்கலாம்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "மர வீடுன்னுதானே சொன்னாங்க? இவரு என்னா செங்கலுங்கறாரு?"

"செங்கல விடுடி, தங்கங்கறாரு!"

"அங்கிளுக்கு வெயில் ஏறிடுச்சு லா."

அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த வளையலைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். "நெலவாசலுக்கு அடியில பொட்டு தங்கம் போடுவோம், அது தெரியும். ஒவ்வொரு மூட்டுக்குமா போடணும்? எங்கிட்ட இவ்வளவுதான் தம்பி இருக்கு. பத்துமா?"

என் பேச்சை நம்பி வேலை கொடுத்தவர்கள் நிறையப் பேர். வளையலைக் கழற்றியவர் அவர் ஒருவர்தான். வேண்டாம் அக்கா என்று தடுத்தேன்.

அப்புறம்தான் விளக்கினேன். மலாய்க்காரர்கள் செங்கால் என்கிற உரமான மரம், எங்கள் வாயில் செங்கல் ஆகிவிட்டது. ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி இன்னொரு மரத்தின் துளையில் இறக்கி, குறுக்கே மர ஆப்பு அடிக்கிற மூட்டுக்கு, மலாய்த் தச்சர்கள் சொல்கிற பேர்தான் தங்கம். மிஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "அங்கிள், அந்தத் தங்கத்த எனக்கு வரைஞ்சு காட்டுங்க."

எனக்கு வரைய வராது. மறுநாள் ஒரு தூணையும் ஒரு உத்தரத்தையும் செதுக்கி லோரியில் கொண்டுபோய், எல்லார் எதிரிலும் பூட்டினேன். சுத்தியலை அக்கா கையில் கொடுத்தேன். அவர் ஆப்பைத் தட்டினார். ஆப்பு வெளியே வந்தது, உத்தரம் அலுங்காமல் கழன்றது. மறுபடி பூட்டினார். மறுபடி தட்டினார். சின்னப்பிள்ளை மாதிரி செய்துகொண்டே இருந்தார்.

"இது இடிக்கிற வீடு இல்ல. கழட்டுற வீடு," என்றார். "கட்டுங்க."

மிஸ் எல்லா மூட்டுகளையும் மாற்றி, படத்தை முதலிலிருந்து போட்டார். முதல் தூண் நிறுத்திய அன்று அக்கா மூக்குத்தியைக் கழற்றி அடிக்கல்லின் குழியில் வைத்தார். "உங்க தங்கம் மேல இருக்கட்டும், என் தங்கம் கீழ இருக்கட்டும். வீட்ட கழட்டுறப்ப மறந்துடாம எடுத்துக் குடுங்க."

சாலை இன்னும் வரவில்லை. வந்தாலும் அக்கா இப்போது பயப்படுவதில்லை. மாலை கட்டுகிற பெண்கள் என்னைத் தங்கம் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அதில் மிஸ்ஸின் பேர் இருக்கிறது, சரி. அக்காவின் பேர் இருக்கிறது, ரொம்பச் சரி. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போனவர் பேரும் இருக்கிறது. என் பேர் இல்லை. கேட்டால், "பலகை சின்னதாப் போச்சு அங்கிள்," என்கிறார் மிஸ்.

அந்தப் பலகையை மாட்டியவனும் நான்தான். அதற்கும் ஆணி இல்லை, ஒரே ஆப்பு. தட்டினால் கையோடு வந்துவிடும். பெரிய பலகை நானே அறுத்துத் தருகிறேன், செங்கால் மரத்திலேயே. மிஸ்ஸின் பேர் எவ்வளவு பெரிய எழுத்திலோ, அவ்வளவு பெரிய எழுத்தில் என் பேரையும் எழுதவேண்டும். தமிழில். அதன் கீழே, மூட்டுகளுக்குத் தங்கம் போட்டவர் என்று.